நாய்க்குத் தசை இழுப்பு: மருத்துவரை நாடவேண்டிய வேளை

உழவர் இல்லத்தில் நாய் ஊதியம் பெறாத காவற்காரன். களத்து நெல்லையும் பட்டியிலுள்ள ஆடுகளையும் இரவெல்லாம் காத்த அப்பிராணி ஒருநாள் திடீரெனக் கால்களை உதறிக்கொண்டு விழுமாயின், "வெறி பிடித்துவிட்டது" எனத் தடியெடுப்போரும் உளர். "தானே சரியாகிவிடும்" என வாளாவிருப்போரும் உளர்.

உறங்கும் நாய் பாதங்களை உதறுவதும் முனகுவதும் இயல்பே. அழைத்தவுடன் விழித்து வாலாட்டினால் கவலை வேண்டுவதில்லை. உடல் விறைத்து, நினைவிழந்து, வாயில் நுரை தள்ளுவது வலிப்பாகும். அப்போது முதலில் கடிகாரத்தைப் பார்க்க. 5 நிமிடம் கடந்தும் நில்லாவிடினும், 24 மணி நேரத்துக்குள் மீண்டும் வரினும், இரவென்றும் பாராது மருத்துவரை நாடவேண்டும். விரைவில் நின்றுவிட்ட முதல் வலிப்பாயினும் தாமதியாது காட்டுவதே நலம்.

வலிப்பு வந்த மனிதர் கையில் இரும்பைத் திணிப்பது போல, நாயின் வாயில் கரண்டியைத் திணிப்போர் உண்டு. நாய் தன் நாக்கை விழுங்கிவிடுவதில்லை. திணிப்பவர் விரலுக்கே ஆபத்து. புளிக்கரைசலோ எண்ணெயோ புகட்டினால் அது நுரையீரலுட் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். அருகிலுள்ள கல், மண்வெட்டி முதலியவற்றை அகற்றி, கூட்டத்தையும் ஓசையையும் விலக்கினால் போதும்.

நம் கிராமங்களில் மிகவும் அஞ்சத்தக்க காரணம் நஞ்சு. தெளிப்பு மருந்து கலந்த வாளியை வரப்பில் விட்டுச் செல்கிறோம். நாய் அதனை நக்கிவிடுகிறது. எச்சில் ஒழுகி, கண்ணீர் வழிந்து, கழிச்சல் கண்டு, தசைகள் துடிக்கத் தொடங்கும். இவ்வகை நஞ்சு பலவற்றுக்கு முறிமருந்து உண்டு. ஆயினும் உண்டது இன்னதென மருத்துவர் அறிதல் வேண்டும். ஆகவே மருந்துப் புட்டியையோ அதன் சீட்டையோ உடன் கொண்டுசெல்க. எட்டிக்கொட்டை நஞ்சாயின் சிறு ஓசைக்கும் தொடுகைக்கும் உடல் வில்லாய் வளையும். இரண்டிலும் நாழிகைக் கணக்கே உயிர்க்கணக்கு. தமிழ்நாட்டில் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம்.

ஈன்று சில வாரங்களான தாய்நாய் நிலைகொள்ளாது இளைத்து, கால் விறைத்து நடுங்கினால், பால் சுரப்பினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டதென ஐயுறலாம். குட்டிகளைப் பிரித்துவைத்து அன்றே கொண்டுசென்றால், நரம்பு வழி ஏற்றும் மருந்தினால் பெரும்பாலும் எழுந்து நடக்கும்.

இளநாய்க்குக் காய்ச்சலும் கண்பீளையும் கண்டு, பின்னர் ஒரு காலோ தாடையோ உறக்கத்திலும் விட்டுவிட்டுத் துடித்தால் அது டிஸ்டெம்பர் நோயாகலாம். அந்நோய்க் கிருமியை நேரே அழிக்கும் மருந்தில்லை; 6 முதல் 8 வார வயதிலேயே தொடங்கும் தடுப்பூசியே காப்பு.

குணம் மாறி, குரல் கம்மி, தாடை தொங்கி, காரணமின்றிக் கடிக்க வரும் நாயை எவரும் தொடலாகாது, வெறிநோயாயிருக்கலாம். அடைத்துவைக்க இயலுமாயின் தொலைவிலிருந்தே அடைத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க. கடியோ கீறலோ பட்டவர், எச்சில் புண்ணிற் பட்டவர் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி பெறவேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தெருநாய்களையும் சேர்த்து, ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70-க்கேனும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட, கால்நடை மருந்தகத்துடன் கலந்து முகாம் நாளைக் குறிக்கலாம்.