உடும்புப்பிடி: பாராட்டா, ஏச்சா?

குழுக் கூட்டத்தில் ஒரே வார்த்தை ஒரு வாரம் சிரிப்பை வரவழைக்கும், அடுத்த வாரம் சண்டையை மூட்டிவிடும். வார்த்தை அதேதான். சொன்ன தொனியும் இடமும்தான் வேறு.

நம்ம மாகறலுக்கு நெருக்கமான ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். திருமாகறலீசுவரர் பொன் உடும்பாகக் காட்சி தந்தார் என்பது தலபுராணம். லிங்கமும் உடும்பு வால் போலவே இருக்கும். பிடித்தால் விடாது உடும்பு. "பேங்க் லோன் கிடைக்கிற வரைக்கும் ஊக்குநர் உடும்புப்பிடியா நின்னாங்க" என்றால் பாராட்டு. அதே ஊக்குநர் பாக்கித் தவணையைக் கேட்கும்போது, "அப்பப்பா, உடும்புப்பிடி!" என்று முகத்தைத் திருப்பினால் அது ஏச்சு.

'மகராசி'யும் அப்படித்தான். ஆயா தலையில் கைவைத்துச் சொன்னால் வாழ்த்து. தாமதமாக வருபவரைப் பார்த்து, "வந்துட்டாங்கப்பா மகராஆசி" என்று இழுத்தால் குத்தல். தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்! வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான், குரல் தெரியாது. சந்தா பாக்கியை அதில் கேட்காமல் நேரில் கேட்பது நல்லது.

'வாடி, போடி' கூடப் படித்த தோழிக்குள் உரிமை. காலனியிலிருந்து வரும் மூத்த அக்காவை ஊர்த்தெருப் பெண் அப்படிக் கூப்பிட்டால் அது உரிமை இல்லை, பழைய திமிர். "சும்மா பாசத்துல சொன்னேன்" என்ற சமாதானம் அங்கே செல்லாது. பாசமென்றால் அந்த அக்காவும் திருப்பி 'வாடி' என்று சொல்ல முடிய வேண்டுமே?

இன்னொன்று, 'பாத்துக்கறேன்'. பிரசவத்துக்குப் போகும் மகளிடம் அம்மா சொன்னால் தைரியம். ராத்திரி எட்டு மணிக்கு, கடன் வசூலிப்பவர் போனில் அடிக்குரலில் "நாளைக்கு உன்னைப் பாத்துக்கறேன்" என்றால் மிரட்டல். நுண்கடன் வசூலில் மிரட்டும் பேச்சு கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி வகுத்திருக்கிறது. "நல்லவிதமாத்தான் சொன்னேன்" என்று அவர் பிறகு மாற்றிப் பேசலாம். அதனால் புகாரில் 'மிரட்டினார்' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தை அப்படியே, தேதி, நேரம், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி முதலில் அந்த நிறுவனத்துக்கே கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீங்க.