பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு லாட்ஜில் அறை கொடுக்கலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சித்தூர். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறேன். சமீபத்தில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு இரண்டு பையன்கள் அறை கேட்டு வந்தார்கள். மறுநாள் நுழைவுத் தேர்வு என்று ஹால் டிக்கெட்டைக் காட்டினார்கள். ஆதாரைப் பார்த்தால் இருவருக்கும் 17 வயதுதான். பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அறை கொடுத்திருந்தால் என் மேல் கேஸ் வந்திருக்குமா?

— வாசகர், சித்தூர்

பதில்: அறை கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கேஸ் வராது. 18 வயது நிரம்பாதவர் தனியாக லாட்ஜில் தங்கக் கூடாது என்று எந்த மத்தியச் சட்டமும் சொல்லவில்லை. அது விடுதிக்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட விதி. அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு, நியாயமும் உண்டு. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. நாளைக்கு வாடகைத் தகராறு வந்தால், பையன் போட்ட கையெழுத்தை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனாலும் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பியது தவறு. அப்பாவையோ அம்மாவையோ வீடியோ காலில் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஹால் டிக்கெட்டில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். அவருடைய அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அறையை அவர் பெயரில் பதிந்து, வாடகையையும் அவரையே அனுப்பச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பெற்றோர் எண்ணைத் தர மறுக்கிறான், பேச்சு முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது என்றால் கதை வேறு. வீட்டைவிட்டு ஓடி வந்த பிள்ளையாக இருக்கலாம். உட்கார வைத்து, சாப்பிட ஏதாவது கொடுத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு உடனே போன் செய்யுங்கள். வழிதவறியோ கைவிடப்பட்டோ வந்த குழந்தையை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், இனி நீங்கள் போக வேண்டியது திருப்பதி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம், சித்தூருக்கு அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தனியாக வரும் பிள்ளைகள் அல்ல, பெரியவரோடு வரும் பிள்ளைகள். உங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் பெயர், ஒருவர் ஆதார், பக்கத்தில் ‘நபர்கள்: 2’ என்று மட்டும் இருக்கும். அந்த இரண்டாவது நபர் யார்? சாமி கும்பிட வந்தோம், அக்கா மகள் என்று சொன்னால் திருப்பதியில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும். தங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் எழுதுங்கள், குழந்தையின் அடையாள அட்டையையும் பாருங்கள். உறவு தெளிவாக இல்லையென்றால் பெற்றோரிடம் பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஜோடியாக வரும் இருவரும் 18 நிரம்பியவர்கள் என்றால் திருமணமாகிவிட்டதா என்று துருவ வேண்டியதில்லை. கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்த வழக்கில், மணமாகாத மேஜர்கள் சேர்ந்து தங்கத் தடைச் சட்டம் ஏதுமில்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 18-க்குக் கீழே என்றால் அந்தப் பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் ஏற்காது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி அதுவே தனிக் குற்றம். ஊழியர் செய்த குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை. விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின்படி, மைனர் சம்பந்தப்பட்டிருந்தால் விடுதியின் உரிமமே ரத்தாகலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே போக்சோ சட்டம் பாதுகாப்பும் தருகிறது. அதனால் தயங்க வேண்டாம்.

இரவுப் பணியில் இருப்பவரிடம் இதையெல்லாம் நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். 1098, அவசர உதவிக்கான 112 என்ற இரண்டு எண்களையும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, பிள்ளைகள் கண்ணிலும் படும்படி கவுண்டரில் ஒட்டிவையுங்கள்.