நிறம் போச்சு, உப்பு எங்க?

கண்ணு, ஒன்பதாவது அறிவியல்ல பிரித்தல் முறைகளை ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்றியாம், அம்மா சொன்னாங்க. வடிகட்டுதல், படிகமாக்கல், காய்ச்சி வடித்தல்னு வரிசையா ஒப்பிச்சா, கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டாலும் கை நின்னுடும். நம்ம ஊர்ச் சாயப்பட்டறையை மனசுல வெச்சுப் படி.

சாயம் ஏத்தற தண்ணில உப்பும் சோடா ஆஷும் போடுவாங்க. தண்ணில பருத்திக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின் சுமை, ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைச்சு, சாயத்தைத் துணிகிட்டச் சேர்க்கும். ஆனா உப்பு துணில தங்காது, கழிவுத் தண்ணியோட வெளியே வந்துடும். நொய்யல் ஆறு கெட்டதுக்கு இந்த உப்பும் பெரிய காரணம். பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்கி, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு.

எந்தக் கலவையைப் பார்த்தாலும், இதுல இருக்கறதெல்லாம் எதுல வேறுபடுதுன்னு முதல்ல கேளு. பஞ்சுத் தூசி கண்ணுக்கே தெரியும், அது பலபடித்தான கலவை, சல்லடை போதும். உப்பு கரைஞ்சு ஒருபடித்தான கரைசலாயிடுச்சு. வடிதாளும் மணலும் அதைப் பிடிக்காது. நிறம் முழுசாப் போய்ப் பளிங்கு மாதிரித் தெரிஞ்சாலும் அது தூய பொருள் இல்லை. 'தெளிந்த நீர் தூய பொருளா' ன்னு கேட்டா இதையே எழுது. கொதிக்க வெச்சாத் தெரிஞ்சுடும்: தூய தண்ணி ஒரே வெப்பநிலையில கொதிக்கும், உப்புத் தண்ணி வத்த வத்தக் கொதிநிலை ஏறும்.

கரைஞ்ச உப்பு வடிதாள்ல சிக்காததாலதான் சுத்திகரிப்பு நிலையத்துல அழுத்தம் கொடுத்து ஆர்.ஓ. சவ்வு வழியாத் தண்ணியைத் தள்றாங்க. மிச்சமிருக்கற அடர்ந்த உப்புத் தண்ணியை ஆவியாக்கிகள்ல கொதிக்க வெச்சு வத்த வெப்பாங்க.

படிகமாக்கலை மட்டும் நிதானமாப் படி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சாயத்துக்குப் போட்ட உப்பு சோடியம் சல்பேட்டா இருந்தா, 100 கிராம் தண்ணில அது 32 டிகிரில கிட்டத்தட்ட 50 கிராம் கரையும், 0 டிகிரில 5 கிராம்தான். குளிர வெச்சாலே பத்துத் தண்ணி மூலக்கூறைச் சேர்த்துக்கிட்டுக் கிளாபர் உப்பா வந்து விழும். அதை எடுத்து மறுபடி சாயத்தொட்டில போடலாம். சாப்பாட்டு உப்புக்கு இந்த வழி சரிவராது. ரெண்டு வெப்பநிலையிலயும் அது ஏறக்குறைய 36 கிராம்தான் கரையும், தண்ணியை வத்த வெச்சாகணும். எதைக் குளிர வெக்கணும், எதை வத்த வெக்கணும்னு கரைதிறன் வரைபடத்தைப் பார்த்தாலே சொல்லிடலாம்.

காய்ச்சி வடித்தல் படத்துல, குளிர்விப்பானுக்குத் தண்ணி கீழிருந்து மேல போற மாதிரி அம்புக்குறி போடு. நிறையப் பேர் தலைகீழாப் போட்டு மார்க்கை விடறாங்க.

வண்ணப்பிரிகையை வீட்டுலயே செய்யலாம். வடிதாள்ல ஓரத்துலருந்து 2 செ.மீ. விட்டுப் பென்சில்ல கோடு போடு. பேனாக் கோடு தானும் கரைஞ்சு ஓடும். கோட்டு மேல கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால ஒரு புள்ளி வை. தாளோட அடி ஓரத்தைத் தண்ணில நிறுத்து. தண்ணி புள்ளியைத் தொடக்கூடாது, அதுக்குக் கீழதான் நிக்கணும். நீலம், சிவப்புனு தனித்தனியா ஏறும்.

அதையே பனியன் கட்டிங் வேஸ்ட்லயும் செஞ்சு பார்க்கலாம். ப்ளீச் ஆன வெள்ளைத் துணியா எடு. ப்ளீச் ஆகாததுல பருத்தியோட மெழுகு இருக்கும், தண்ணி ஏறாது. ரெண்டு துண்டு எடுத்து வை, ஞாயித்துக்கிழமை வர்றேன்.