விமான எஞ்சினுக்கு எந்த போல்ட்? கால்க் போட்டுத் தந்த கணக்கு

ஃபயர்வால் என்றதும் நமக்கு கம்ப்யூட்டரைக் காக்கும் சாஃப்ட்வேர்தான் நினைவுக்கு வரும். என் அக்கா மகனுக்கு அது ஒரு பிளைவுட் பலகை. அவன் கட்டும் பெரிய மாடல் விமானத்தில், எஞ்சின் இந்தப் பலகையில்தான் நான்கு போல்ட்டுகளால் மாட்டப்படுகிறது.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில். தலைக்கு மேல் விமானப்படையின் பயிற்சி விமானங்கள். பக்கத்திலேயே குரோம்பேட்டையில், அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. இங்கு வளரும் பையனுக்கு விமான ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சென்ற மாதம் அவனுடைய 50 சிசி பெட்ரோல் எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது முறை ஓடியபோது சத்தம் மாறியது. நிறுத்திப் பார்த்தால் ஒரு போல்ட்டைக் காணோம். இன்னும் இரண்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பக்கத்து வீட்டுச் சிறுவன் புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தான். இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"இன்னும் தடியான போல்ட் போட்டுடலாமா மாமா?" என்று கேட்டான். கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீங்களும் உடன் செய்து பாருங்கள். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும், அது இலவசம். எக்ஸெல் இருந்தாலும் இதே முறைதான்.

முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ-யில் பெயர், பி-யில் விட்டம், சி-யில் மரை இடைவெளி, டி-யில் பரப்பு, இ-யில் தாங்கும் எடை. அடுத்த மூன்று வரிசைகளில் எம்4, எம்5, எம்6 என்று பெயர்களை டைப் செய்யுங்கள். விட்டம் 4, 5, 6 மில்லிமீட்டர். மரை இடைவெளி 0.7, 0.8, 1.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 8 என்றால், அறுபடும் வலு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அடுத்த 8 என்றால், அதில் 80 சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும். சோதனைச் சுமையாக 580 எடுத்துக் கொள்வது வழக்கம். இந்த 580-ஐ ஜி1 செல்லில் டைப் செய்யுங்கள்.

இனி ஃபார்முலா. செல் பெயர்களை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தாக டைப் செய்ய வேண்டும். டி2-ல்:

=3.1416/4*(பி2-0.9382*சி2)^2

மரை வெட்டியதால் குறைந்த பரப்பு இதில் கிடைக்கும். இ2-ல்:

=டி2*$ஜி$1/9.81

டி2, இ2 இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து இரண்டு வரிசை கீழே இழுங்கள். டி2 என்பது டி3, டி4 என்று தானாக மாறும். டாலர் குறி போட்டதால் ஜி1 மட்டும் மாறாது. இன்றைய பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது இந்த டாலர் குறி.

விடை: எம்4 போல்ட் ஒன்று 519 கிலோ, எம்5 839 கிலோ, எம்6 1,190 கிலோ தாங்கும். ஜி1-ல் 580-க்குப் பதில் 450 என்று மாற்றிப் பாருங்கள். அது ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கான அளவு. எம்5 உடனே 651 கிலோவாகக் குறையும்.

இந்த எஞ்சின் இழுப்பது சுமார் 12 கிலோதான். நான்கு எம்5 போல்ட்டுகள் மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். ஆகவே எங்கள் போல்ட் வலு போதாமல் போகவில்லை. பிறகு ஏன் கழன்றது?

நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், பத்து நிமிடத்தில் 60,000 குலுக்கல். போல்ட் இறுக்கமாகப் பிடித்திருக்கும் வரை குலுக்கல் அதை அவ்வளவாகப் பாதிக்காது. பிளைவுட் அமுங்கினால் பிடிப்பு குறையும். நட்டு மெல்லத் திரும்பும். பாரம் மற்ற போல்ட்டுகள் மேல் விழும். தடியான போல்ட் மட்டும் இதைத் தடுக்காது.

வாஷரையும் கணக்கில் சேர்த்தோம். எம்5-க்கான சாதாரண வாஷர் 10 மில்லிமீட்டர் அகலம். துளை போக 56 சதுர மில்லிமீட்டர் பரப்பு. 15 மில்லிமீட்டர் பெரிய வாஷரில் 155. அதே இறுக்கத்தில் மரத்தின் மீதான அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆகவே நாங்கள் எம்5-ஐ மாற்றவில்லை. தலையில் 8.8 பொறித்ததாகப் பார்த்து வாங்கினோம்; பொறிப்பு இல்லாத போல்ட்டின் வலுவை யாரும் சொல்ல முடியாது. பலகையின் பின்பக்கம் பெரிய வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு, நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரை வெளியே தெரியும் நீளம். நட்டிலிருந்து பலகை வரை பெயின்டால் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது ஷீட்டில் தேதி, ஓடிய நிமிடம், போல்ட் பார்த்தாயிற்றா என்று மூன்று பத்திகள் போட்டுக் கொடுத்தேன். அதை நிரப்பாமல் எஞ்சினைத் தொடக் கூடாது, புரொப்பெல்லருக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

பறக்க விடும் முன் இன்னொரு வேலையும் கம்ப்யூட்டரில் உண்டு. எங்கள் பகுதிக்கு அருகிலேயே சென்னை விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, வரைபடத்தில் சிவப்பாகக் காட்டப்படும் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க விட முடியாது. வரைபடத்தைப் பார்த்துவிட்டே மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்.