ஆடிச் சாரலும் காரையாற்றுக் குடிலும்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புறப்படும் குடும்பங்களுக்கு

தென்மேற்குப் பருவக்காற்று பொதிகை மலையில் மோதும் ஆனி, ஆடி மாதங்களில் தாமிரபரணியின் தலைப்பகுதியும் கடைப்பகுதியும் இரு வேறு பருவங்களில் இருக்கின்றன. மலையின் மேற்குச் சரிவில் கொட்டும் மழையின் மிச்சம் முகடுகளைத் தாண்டிச் சாரலாகக் காரையாறு, சேர்வலாறு ஆகியவற்றின் நீர்ப்பிடிப்புகளில் விழுந்துகொண்டிருக்க, மழைமறைவுப் பகுதியான ஸ்ரீவைகுண்டத்தில், அதாவது மேகத்தின் ஈரத்தை மலை முன்னரே வாங்கிக்கொள்வதால் வறண்டு கிடக்கும் சமவெளியில், வெயிலும் புழுதி கிளப்பும் ஆடிக்காற்றுமே மிஞ்சுகின்றன. ஆடி அமாவாசைத் திருவிழாவுக்காக, காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பிள்ளைகுட்டிகளோடு குடில் போட்டுத் தங்க ஆயத்தமாகும் குடும்பங்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: ஊரில் வானம் வெளுத்திருப்பதைப் பார்த்து மலையில் ஆறு எப்படி இருக்கும் என்று கணிக்க இயலாது.

அக்கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988-இல் இரண்டும் இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. எனவே திருவிழாவின்போது எத்தனை நாள் தங்கலாம், குடில்கள் எங்கே அமையலாம், வாகனங்கள் எதுவரை செல்லலாம் என்பனவற்றை ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் முடிவு செய்து அறிவிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் தங்கும் நாள்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டுள்ளன. சொந்த வாகனங்கள் அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்தப்பட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்துகளில் மக்கள் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். முந்தைய தலைமுறை வாரக்கணக்கில் தங்கியதை நினைத்து மூட்டை கட்டுவோர் பாபநாசம் சோதனைச் சாவடியில் ஏமாற்றம் அடைவதைவிட, இவ்வாண்டின் அறிவிப்பு வெளிவந்த பிறகே நாள் குறிப்பதும், பேருந்தில் கையோடு ஏற்றி இறக்கக்கூடிய அளவுக்குச் சுமையைச் சுருக்குவதும் நல்லது.

குடிலுக்கு இடம் தேர்வதில் நிழலைக் காட்டிலும் நீர்மட்டத்தைப் பற்றிய கவனம் முதன்மையானது. கோயிலுக்கு மேலே 143 அடிக் கொள்ளளவு உயரம் கொண்ட பாபநாசம் மேலணை நிற்கிறது. ஊர்மக்கள் அதைக் காரையாறு அணை என்பார்கள். மலையில் பெய்யும் மழை, கார் சாகுபடிக்காகத் திறக்கப்படும் நீர் (கார் என்பது ஆனி முதல் புரட்டாசி வரையிலான குறுகிய நெற்பருவம்), மின் உற்பத்திக்காக விடப்படும் நீர் ஆகிய மூன்றும் கோயிலை ஒட்டிய ஆற்றின் மட்டத்தை மாற்றுகின்றன. இவற்றில் பின்னிரண்டும் தலைக்கு மேல் ஒரு துளி விழாதபோதும் நிகழ்பவை. ஆகவே மணல்திட்டிலும், ஆற்றின் நடுவே துருத்தி நிற்கும் பாறைகளிலும், முந்தைய வெள்ளத்தின் சருகும் சுள்ளியும் சிக்கிக் கிடக்கும் மரவேர்களுக்குக் கீழேயும் குடில் போடலாகாது. தெளிந்த நீர் கலங்குவது, இலைதழைகள் திடீரெனக் கூடுதலாக மிதந்து வருவது, ஆற்றின் ஓசை கனப்பது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் பாத்திரங்களை விட்டுவிட்டு முதலில் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். 2023 டிசம்பர் 17 அன்று பெய்த பெருமழையில் ஏறத்தாழ 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோன ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்கு நீரின் வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அது பல மணிநேரம் கண்முன்னே பெய்த மழையால் வந்த வெள்ளம், மலையாற்றிலோ பெய்த மழையைக் காணாமலே வெள்ளத்தைக் காண நேரிடும்.

விலங்குகளைக் காணும் ஆவல் இப்பயணத்தின் இயல்பான பகுதி, அதை அடக்க வேண்டிய தேவையும் இல்லை. எனினும் எதைக் காணலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே எடுத்துச் சொல்வது அவர்களின் கண்களைக் கூர்மையாக்கும். புலியைக் காணக் கிடைப்பது மிக அரிது. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, எதற்காகக் களக்காடு சரணாலயமாக்கப்பட்டதோ அந்த விலங்கு, ஈரம் மிகுந்த மேல்மலைச் சோலைகளின் மர உச்சிகளை விட்டுப் பெரும்பாலும் இறங்குவதில்லை. சாலையோரத்தில் அந்தி நேரத்தில் மிளா, மரக்கிளைகளில் மலையணில், மந்தி ஆகியவை தென்படக் கூடும். பாறையின் மேல் மீன்செதிலும் நண்டின் ஓடும் கலந்த எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்விடத்தில் நீர்நாய் உலவுகிறது என்று பொருள். விலங்கைக் காணாமலே அதன் இருப்பைப் படித்தறியும் இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமானால், அது தொலைவிலிருந்து எடுத்த மங்கலான செல்பேசிப் படத்தைக் காட்டிலும் நெடுநாள் நிலைக்கும்.

சாரல் காலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆற்றின் இரைச்சலும் காற்றும் மனிதரின் காலடியோசையை விலங்குக்கும், விலங்கின் காலடியோசையை மனிதருக்கும் மறைத்துவிடுகின்றன. பார்வை மங்கியதும் கரையான் புற்றைத் தோண்டும்போது சுற்றுப்புறத்தை மறந்துவிடுவதுமான கரடி, மிக அருகில் திடுக்கிட நேர்ந்தால் தாக்கும். ஆகையால் விடியலிலும் அந்திக்குப் பிறகும் குடிலைவிட்டு எவரும் தனியே ஒதுங்கலாகாது. போக நேர்ந்தால் இருவர் மூவராக, டார்ச் லைட்டோடு, பேசிக்கொண்டே போவது முறை. யானை எதிர்ப்பட்டால் படம் எடுக்க நிற்காமல், கூச்சலிடாமல், வந்த வழியே பின்வாங்கிப் பணியிலுள்ள வனக்காவலருக்குத் தெரிவிக்க வேண்டும். குரங்குக்குப் பழம் கொடுப்பது அன்பாகத் தோன்றலாம். ஆனால் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அந்தக் குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருப்பதைப் பறிக்கிறது. மிச்சச் சோறும் கிடாக்கறியின் எலும்பும் காட்டுப்பன்றியை வரவழைக்கும், பன்றியின் பின்னே சிறுத்தையும் வரும். எனவே சமைத்ததை அன்றே உண்டு முடித்து, மீதியை மூடியிட்ட பாத்திரத்தில் வைத்து, வனத்துறை காட்டும் இடத்தில் மட்டுமே கொட்டுவது கட்டாயம்.

ஈரத்தரையில் பாம்பு காய்ந்த மேட்டை நாடும் என்பதால் பாயைத் தரையில் விரிக்காமல், தார்ப்பாயின் மேல் விரித்து, கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது பாதுகாப்பு. கடிபட்டவரின் காலையோ கையையோ கயிற்றால் இறுக்குவது, கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் தீங்கானவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் தட்டை வைத்துக் கட்டி, 108 ஊர்தியையோ திருவிழா மருத்துவ முகாமையோ நாடி, நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அட்டை கடித்தால் அச்சம் வேண்டாம். உப்போ சுண்ணாம்போ தடவினால் விழுந்துவிடும்.

ஸ்ரீவைகுண்டத்தார் மற்ற ஊராரைவிடக் கூடுதலாகக் கருத வேண்டியது ஒன்று உண்டு. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகளைக் கடந்து வரும் நீருக்கு, எட்டாவதும் கடைசியுமான தடுப்பு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான். வடகாலும் தென்காலும் அங்கிருந்தே பிரிகின்றன. நீராடியபின் உடுத்திய துணியை ஆற்றோடு விடும் வழக்கம் பாபநாசத்தில் வேரூன்றிவிட்டது. அங்கு விடப்படும் துணியும் சோப்பு நுரையும் ஷாம்பு உறையும் பல ஊர்களின் படித்துறைகளில் தங்கித் தங்கி, இறுதியில் இந்த ஊரின் குடிநீரிலும் வாய்க்காலிலும் வந்து சேரும் பாதையில்தான் விடப்படுகின்றன. சோப்பும் எண்ணெயும் பிளாஸ்டிக் பையும் சாவடியில் பறிக்கப்படும் வரை காத்திராமல் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஈரத்துணிக்கென ஒரு சாக்கை எடுத்துச் செல்ல வேண்டும். துணியைக் கழித்தே ஆகவேண்டும் என நினைப்போர் கரையிலிருந்து கொண்டுவந்து ஏழை எளியவருக்கு அளிப்பது எந்தச் சாத்திரத்துக்கும் முரணாகாது.

மலைக்குப் போக இயலாத குடும்பங்கள், அனுமதி பெற்று அருகிலுள்ள வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்துக்கு ஒரு காலைப்பொழுதில் போய் வரலாம். அங்கு இரவுத் தங்கல் இல்லை, குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகும் மூன்று வாரங்களுக்கு ஒரு கவனம் தேவை. ஈரக்காட்டின் புதர்களில் வாழும் நுண்பூச்சி கடிப்பதால் உண்ணிக்காய்ச்சலும், எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சலும் வரக்கூடும். இரண்டும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலவே தலைவலியோடும் உடல்வலியோடும் தொடங்குகின்றன, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்துக்கு எளிதில் கட்டுப்படுகின்றன. இக்காலத்துக்குள் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, காட்டில் குடில் போட்டுத் தங்கியதை மருத்துவரிடம் அவர் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.