மனச்சிதைவின் முதல் அறிகுறிகள்

மனச்சிதைவு எனும் நோய்க்கு ‘ஸ்கிஸோஃப்ரீனியா’ என்று 1908-இல் பெயரிட்டவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜின் புளூலர். ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் என்று திரைப்படங்களில் காண்கிறோமே, அது இந்நோயன்று. இது பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே தலைகாட்டுகிறது. மாணவியர்க்குச் சற்றுத் தாமதித்தும் வரலாம். ஆகவே பெற்றோருக்கு முன்பே இதைக் காணும் வாய்ப்பு உடன் பயில்வோர்க்கே உண்டு.

பிறர் கேளாத குரல்கள் கேட்பது பெரும்பாலும் பிந்திய நிலை. அதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் முன்பே மாற்றம் தொடங்கிவிடுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கிறான். குளிப்பதில்லை, உணவுக்கூடத்துக்கு வருவதில்லை. நன்றாகப் படித்தவனுக்கு ஒரு பக்கம்கூட மனத்தில் நிற்பதில்லை. நால்வர் சிரித்தால் தன்னைப் பற்றியே என்று எண்ணுகிறான். காதல் தோல்வி என்று விடுதி முழுவதும் தீர்ப்பளித்துவிடும்! தேர்வுக் காலத்தில் இவற்றுள் ஒன்றிரண்டு யாருக்கும் நேரலாம். ஆனால் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்த அவனே வேறு ஆளாகி, அம்மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். கஞ்சாப் பழக்கம் இந்த ஆபத்தை மிகுவிக்கிறது.

அவனுடன் வாதாடக் கூடாது. “யாரும் உன்னை வேவு பார்க்கவில்லை” என்று மெய்ப்பிக்க முனைந்தால் நாமும் எதிரியின் ஆளாகிவிடுவோம். ஆமாம் என்று ஒத்துப் பாடுவதும் தவறு. “எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நீ அஞ்சுவது தெரிகிறது” என்பதே போதும். நோய் என்றால் மறுப்பவன், தூக்கம் வரவில்லை என்பதற்காக மருத்துவரைப் பார்க்கச் சில வேளை இசைவான். விடுதிக் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்ற அரசுத் தொலைபேசியில் இரவும் பகலும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது.

1952 முதலே இதற்கு மருந்து உண்டு. எனினும் நம் குடும்பங்கள் பேயோட்டவும், “கல்யாணம் செய்தால் சரியாகும்” என்று பெண் பார்க்கவும் புறப்படுகின்றன. வழிபாட்டைக் குறை கூறவில்லை; மருந்தும் உடன் செல்லட்டும் என்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வதும் கடினமாகிறது.

சற்றுத் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். நோய் திரும்புவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. சிகிச்சை பெற்று வகுப்புக்குத் திரும்பியவனிடம் நடந்தது என்ன என்று துருவ வேண்டியதில்லை. விட்டுப்போன பாடக் குறிப்புகளைக் கொடுக்கலாம். மாலையில் தேநீருக்கு அழைக்கலாம்.