சென்னையைக் காத்த தெள்ளுப்பூச்சி?

கேள்வி: பம்பாயில் 1896 முதல் பிளேக் ஆயிரக்கணக்கில் உயிர்களை வாரிக்கொண்டு போனது. சென்னை நகரம் மட்டும் பெரும்பாலும் தப்பியது எப்படி? எலிகள் இங்கேயும் உண்டே! (வாசகர், மதுரை)

பதில்: எலிகள் உண்டு. எலி மேல் இருந்து பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிதான் வேறு. ஸெனோப்சில்லா என்ற பேரினத்தில் பல இனங்கள். பெரும்பாலானவை எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்குகளின் ரத்தத்தில் வாழ்பவை. பம்பாயில் மலிந்திருந்தது கியோப்பிஸ். சென்னையிலும் கொழும்பிலும் அதிகம் கிடைத்தது ஆஸ்டியா. கொழும்பில் பணியாற்றிய ஃபேபியன் ஹர்ஸ்ட் இதைக் கவனித்து, பிளேக் பரவாததற்கு இதுவே காரணமாகலாம் என்றார்.

கியோப்பிஸின் கொடுமை அதன் வயிற்றில் இருக்கிறது. ரத்தத்தோடு போன பிளேக் கிருமிகள் இரைப்பைக்கு முன்னாலேயே பெருகிக் கட்டியாகி, வழியை அடைத்துவிடும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாளாமல் பூச்சி மேலும் மேலும் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் கிருமி கலந்த ரத்தம் காயத்துக்குள் திரும்பிப் பாயும். பேக்காட், மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் 1914-இல் இதை விளக்கினார்கள். ஆஸ்டியா இந்த வேலையில் மந்தம்.

ஆனால் முழுப் பெருமையையும் ஆஸ்டியாவுக்கே கொடுத்துவிட வேண்டாம். தட்பவெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடும் வெப்பத்தில் அந்த அடைப்பு சரியாக உருவாவதில்லை. கொழும்பும் கடைசிவரை தப்பவில்லை: 1914-இல் அங்கும் பிளேக் நுழைந்தது.